இறங்கத் தெரிந்த சைக்கிள்

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்யும் பெண் கேட்டாள்: "அக்கா, நானும் ஒரு சைக்கிள் வாங்கலாம்னு இருக்கேன். கியர் வெச்சது வாங்கலாமா, சாதா போதுமா?" சத்துவாச்சாரியிலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் வருகிறவள். வேலூர் கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு அவள் வீட்டிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர்தான். டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன். மணி இரண்டரை ஆகிவிட்டது, பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன். அவளுக்காக மட்டுமில்லை, இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு கேட்கத் தயங்குகிற எல்லாருக்காகவும்.

நான் காட்பாடி காந்தி நகரில் இருக்கிறேன். விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள், பிறகு ஊருக்குள். போக 7 கிலோமீட்டர், வர 7. 2018-லிருந்து இந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மனது வந்தால் பாகாயம் தாண்டி ஓட்டேரிப் பக்கம் ஒரு சுற்று, அவ்வளவுதான். பந்தயம், மலையேற்றம் எதுவும் எனக்குத் தெரியாது. வேலைக்குப் போய் வர, காய்கறி வாங்க, காற்று வாங்க என்று ஓட்டுகிறவளுக்கு என்ன சைக்கிள் வேண்டும் என்பது மட்டும் தெரியும். அதையும் தப்பான சைக்கிள் வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா தறி வீடுகளுக்கு நூல் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்த லுங்கிகளை வாங்கி வரும் வேலை பார்த்தார். அவரிடம் இருந்தது 28 இஞ்ச் ஹெர்குலஸ், கறுப்பு. அந்தச் சைக்கிளின் பின்கேரியரில் லுங்கிக் கட்டு ஏறினால் என் தலைக்கு மேலே நிற்கும். வெறும் வண்டியே 20 கிலோவுக்கு மேல். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் போகும் பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடம்பை வளைத்து, குரங்குப் பெடல் போட்டுத்தான் ஓட்டக் கற்றேன். சீட்டில் உட்கார்ந்து ஓட்டியதே இல்லை. இறங்கவும் தெரியாது. எங்கேயாவது மண்மேடு வந்தால் அதில் சாய்த்து நிறுத்துவேன்.

பிறகு பிளஸ் ஒன் சேர்ந்தபோது அரசு கொடுத்த இலவச சைக்கிள் வந்தது. 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம் அது. சில ஆண்டுகளில் எல்லாருக்குமாக விரிந்தது. எனக்கு வந்தது 2006-இல். பள்ளி மைதானத்தில் வரிசை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். சீட்டில் பாலித்தீன் பிரிக்காமல், முன்னால் கூடையோடு, நடுவில் பார் இல்லாமல். முதல் நாள் அதில் ஏறி உட்கார்ந்து, பெடல் மிதித்து, பள்ளிக்கூட வாசலில் இரண்டு காலையும் தரையில் வைத்து நின்றேன். சைக்கிளில் போய் ஓர் இடத்தில் நிற்கலாம், மண்மேடு தேடவேண்டியதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த சைக்கிள் கொடுத்த பாடத்தைப் பிற்பாடு மறந்ததால்தான் இவ்வளவும் எழுத நேர்கிறது.

2018-இல் மறுபடியும் ஓட்டலாம் என்று கடைக்குப் போனேன். நடுவில் பத்து வருடம் ஸ்கூட்டி, பஸ் என்று போயிருந்தது. கடைக்காரர் லேடீஸ் சைக்கிளை என் கண்ணில் காட்டவே இல்லை. "அது ஸ்கூல் பசங்களுக்கு மேடம். நீங்க டெய்லி ஓட்டணும்னா இதை எடுங்க." முன்னால் ஷாக் அப்சார்பர், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், 21 கியர், முள்ளுமுள்ளாகத் தடித்த டயர். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, செயின் கவர் இல்லை, ஸ்டாண்டு மட்டும் தனியாகக் காசு கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். பதினோராயிரம் ரூபாய். அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எங்கே போகிறீர்கள், என்ன உடுத்துவீர்கள், எதை எடுத்துப் போவீர்கள் என்று எதுவும் இல்லை. நானும் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

எட்டு மாதம் ஓட்டினேன். தார் ரோட்டில் அந்த டயர் கொர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டே வரும். மிதிக்கிற மிதியில் ஒரு பங்கை ஷாக் அப்சார்பர் குடித்துவிடும். எழுந்து நின்று மிதித்தால் முன்பக்கம் உள்ளே போய் வெளியே வருவது கண்ணுக்கே தெரியும். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ஃபைல் எல்லாம் முதுகில். சித்திரை வெயிலில் அலுவலகம் போய்ச் சேரும்போது முதுகோடு சட்டை ஒட்டியிருக்கும். 21 கியரில் நான் தொட்டது மூன்று. டிஸ்க்கில் எப்போதும் ஒரு பக்கம் உரசும் சத்தம். சைக்கிள் ஸ்டாண்டில் வண்டிகளை நெருக்கி அடுக்கும்போது வட்டத் தகடு லேசாக வளைந்துவிடும், அவ்வளவுதான் காரணம். ஆனால் அதை நிமிர்த்த விருதம்பட்டு மெக்கானிக் பாயிடம் வாரத்துக்கு ஒரு முறை போய் நின்றேன்.

அந்த வருஷம் ஆவணியில் ஒரு சாயங்காலம், பாலாற்றுப் பாலத்தில், முன்னால் போன டவுன் பஸ் சடாரென்று நின்றது. நானும் பிரேக் பிடித்தேன். பிரேக் நன்றாகவே பிடித்தது. நின்ற வண்டியிலிருந்து இறங்க வேண்டும். சீட் உயரம், நடுவில் பார். வலது காலைப் பின்பக்கமாகத் தூக்கிப் போடப் பார்த்தேன், பின்னால் ஹாரன். அதற்குள் துப்பட்டாவின் நுனி முன் பல்சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவில் போயிருந்தது. வண்டி இடது பக்கம் சாய, நானும் அதோடு சாய்ந்து, கழுத்து இழுபட்டு, பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாக விழுந்தேன். பின்னால் வந்தவர் மெதுவாக வந்ததால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பூக்கூடையோடு நடந்து வந்துகொண்டிருந்த ஓர் அம்மா ஓடிவந்தார். கூடையைக் கீழே வைத்துவிட்டு, நார் அறுக்க வைத்திருந்த பிளேடை எடுத்தார். துணியை இழுக்கவில்லை. "ஆடாதே, ஆடாதே" என்று சொல்லிக்கொண்டே கழுத்துக்குப் பக்கத்தில் விரலைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, செயினை ஒட்டி ஒரே கோடாக அறுத்தார். பிறகு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினால் மீதித் துணி கிரீஸ் கறையோடு சுருள் சுருளாக வெளியே வந்தது. முட்டி சிராய்ந்திருந்தது. கழுத்தில் ஒரு வாரம் சிவப்புக் கோடு. அந்த அம்மாவின் பெயர்கூடக் கேட்கவில்லை. பிறகு எத்தனையோ நாள் அந்த நேரத்தில் பாலத்தில் தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு பாயிடம் போனேன். அவர் டிஸ்க்கைத்தான் பார்க்கக் குனிந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். எழுந்து நின்று, வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்தார்.

"வண்டில ஏர்றது யார் வேணா ஏறலாம்மா. எறங்கறது இன்னா மாதிரி கீது, அத்த பாத்துதான் வாங்கணும். இந்தப் பாலத்துல காலைல எத்தினி தபா எறங்கறே?"

எண்ணிப் பார்த்ததில்லை. அந்த வாரம் பஸ்ஸில் போனபடியே எண்ணினேன். பாலத்தின் முகப்பில் ஒன்று, பாலத்தின் மேல் இரண்டு மூன்று, கிரீன் சர்க்கிள் சிக்னல், ஊருக்குள் கணக்கே இல்லை. ஒரு வேளைக்கு இருபது தடவைக்குக் குறையாமல் நின்று, காலைத் தரையில் வைத்து, மறுபடி கிளம்ப வேண்டியிருக்கிறது. 7 கிலோமீட்டரில் இருபது முறை. சைக்கிள் விளம்பரங்களில் எல்லாரும் ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சாலையில் ஓட்டுவது பாதி, நிற்பது பாதி. நிற்கும் பாதியை யாரும் நமக்கு விற்பதில்லை. அதை நாமே கேட்டு வாங்க வேண்டும்.

அதனால் தங்கச்சி, கியர் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் கடையில் சைக்கிளின் மேல் ஏறி உட்கார்ந்து, நான்கு அடி ஓட்டி, சட்டென்று நின்று இறங்கிப் பார். சுடிதாரில் போகிறவள் சுடிதாரில் போய்ப் பார்க்க வேண்டும், புடவை கட்டுகிறவள் புடவையில். பையை மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். சங்கடமாக இருந்தாலும் ஐந்தாறு தடவை செய். பார் இல்லாமல் தாழ்ந்த சட்டமுள்ள வண்டியில் காலைப் பின்னால் வீச வேண்டியதில்லை, முன்பக்கமாகவே நழுவி இறங்கிவிடலாம். கேரியரில் மூட்டை இருந்தாலும் கால் இடிக்காது. ஒருவேளை பார் உள்ள வண்டிதான் வேண்டும் என்றால், தரையில் இரண்டு காலையும் ஊன்றி அதன் மேல் நிற்கும்போது பாருக்கும் உடம்புக்கும் நடுவில் 2 இஞ்சாவது இடைவெளி இருக்க வேண்டும். அது இல்லாத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் உன் அளவு வண்டி இல்லை.

பார் இல்லாத சட்டத்துக்கும் ஒரு குறை உண்டு, மறைக்கக் கூடாது. அதே உறுதி வேண்டுமென்றால் குழாயைத் தடிமனாகப் போட வேண்டும், எடை கூடும். பாரம் அதிகம் ஏற்றினால் கொஞ்சம் நெளியும். நைனாவின் லுங்கிக் கட்டை என் சைக்கிள் தாங்காது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றபோது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள், பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று. அவர்கள் தேவை அது. குழந்தையையும் தண்ணீர்க் குடத்தையும் கொண்டுபோகிறவருக்குப் பார் ஒரு வசதி. யார், எதை, எங்கே கொண்டுபோகிறார் என்பதுதான் சைக்கிளைத் தீர்மானிக்கிறது. ஆண் வண்டி, பெண் வண்டி என்ற பெயரை விட்டுவிடலாம். முட்டி வலி உள்ள எங்கள் மாமா இப்போது ஓட்டுவதும் தாழ்ந்த சட்டம்தான்.

அடுத்தது டயர். இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். பணம் வீணாவதும் வழியில் நிற்பதும் இதில்தான்.

டயரின் பக்கவாட்டில் ரப்பரிலேயே எண்கள் புடைத்திருக்கும். 37-590 என்று இருந்தால், முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது அது உட்காரும் ரிம்மின் குறுக்களவு, இரண்டும் மில்லிமீட்டரில். 26 இஞ்ச் என்று சொல்வதை நம்பிப் போகக் கூடாது. லேடீஸ் சைக்கிளின் 26 × 1⅜ டயர் 590. மலைச் சைக்கிள் என்று விற்கும் வண்டியின் 26 இஞ்ச் 559. பெயர் ஒன்று, நடுவில் 31 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒன்றில் போடுவதை இன்னொன்றில் போட முடியாது. அதேபோலப் பெரிய சைக்கிளின் 28 × 1½ என்பது 635. ரோட்டு வண்டிக்கும் மலைச் சைக்கிளுக்கும் நடுவில் இருக்கும் ஹைபிரிட் வண்டிகளில் வரும் 700சி என்பது 622. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும், மாற்றிப் போட்டால் உட்காராது. இதில் 635 எந்தக் கிராமத்துச் சைக்கிள் கடையிலும் ஆணியில் தொங்கும். 590-ம் அநேகமாகக் கிடைக்கும். 622-க்கு ஊருக்குள் பெரிய கடையைத் தேடித்தான் போக வேண்டும்.

காற்று அடிக்கும் மூக்கும் அப்படித்தான். நம் பழைய சைக்கிளில் இருப்பது வால்டியூப் போட்ட மூக்கு, ரோட்டோரக் கடைப் பம்பு அதற்கென்றே இருக்கிறது. சில வண்டிகளில் ஸ்கூட்டருக்கு இருப்பது போன்ற மூக்கு வரும், பெட்ரோல் பங்கிலேயே காற்று பிடித்துக்கொள்ளலாம். எனக்கு இதுதான் பிடித்தது. விலை கூடிய வண்டிகளில் ஒல்லியாக நீண்ட மூக்கு ஒன்று இருக்கும், நுனியில் குட்டித் திருகோடு. அது இரண்டிலும் சேராது. என் சித்தி பையன் அப்படி ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு அமிர்திக்குப் போனான். கணியம்பாடி தாண்டிப் பஞ்சர். கடைக்காரர் வேறு டியூப் போட்டு அனுப்பலாம் என்று பார்த்தால், ரிம்மில் இருக்கும் ஓட்டை அந்த ஒல்லி மூக்குக்கான அளவு, சாதா மூக்கு நுழையவே இல்லை. ஒட்டுப் போட்டாலும் காற்றடிக்க அவரிடம் வழியில்லை. டாடா ஏஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். அதற்கு ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் கிடைக்கும், பையில் போட்டுவைத்தால் காற்றடிக்கும் பிரச்சினையாவது தீரும். வாங்கும்போது கேட்டால் கொடுப்பார்கள், கேட்டால் மட்டும்.

பஞ்சர் ஆகுமா என்ற கேள்வியே வேலூரில் தேவையில்லை. பாலாற்றங்கரை முழுக்கச் சீமைக்கருவேலம். மரத்தை வெட்டி டிராக்டரில் ஏற்றிப் போகும் நாட்களில் ரோடெல்லாம் முள். பாய் பஞ்சர் போடுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். டயரின் ஓர் ஓரத்தை மட்டும் நெம்பி, டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் விரல் விரலாகத் திருப்பிக்கொண்டே போவார். குமிழி வரும் இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, உடனே ஒட்டமாட்டார். புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஒட்டாமல் வறண்ட பிறகுதான் ரப்பர்த் துண்டை வைத்துத் தட்டுவார். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் மே மாத வெயிலில் விட்டுக்கொள்ளும் என்பார். அதற்கப்புறமும் டியூபை உள்ளே தள்ளமாட்டார். டயரின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்று தடவி, முள்ளின் முனை எங்கே மிச்சம் நிற்கிறது என்று தேடுவார். அதை எடுக்காமல் விட்டால் அரை கிலோமீட்டரில் மறுபடி வருவாய் என்று சொல்லிக்கொண்டே குறட்டால் பிடுங்கிக் காட்டுவார். கறுப்பாக, எறும்புத் தலை அளவுக்கு இருக்கும்.

இதைப் பார்த்த பிறகு என் விதி ஒன்றுதான்: நம் வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டு போகும் தூரத்தில் இருக்கும் மெக்கானிக்குக் கைவராத வண்டியை வாங்கக் கூடாது. வாங்குவதற்கு முன்னால் அவரிடமே போய்க் கேட்டுவிட வேண்டும்.

டயரின் அகலம் 35 முதல் 40 மில்லிமீட்டர் எங்கள் சாலைக்குப் போதும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருக்களில் ஒல்லி டயர் கையை உதறும். முள்ளுமுள்ளான தடித்த டயர் சேற்றுக்கானது, தாரில் அது வெறும் பாரம். ஷாக் அப்சார்பர் செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் சரியான காற்றுள்ள டயரும் ஸ்பிரிங் சீட்டும் செய்துவிடும். விலை குறைந்த வண்டியில் ஷாக் அப்சார்பர் என்று வருவது உள்ளே ஓர் இரும்பு ஸ்பிரிங், இரண்டு மழைக்குப் பிறகு துருப்பிடித்து இறுகிவிடும், எடை மட்டும் மிஞ்சும். வாரம் ஒரு முறை காற்றுப் பார்த்துக்கொள். காற்றுக் குறைந்த டயரில் ஓட்டிவிட்டு "சைக்கிள் ஓட்டினால் மூச்சு வாங்குது" என்று விட்டவர்களை எனக்குத் தெரியும்.

கியர். நீ கேட்ட முதல் கேள்வி, இப்போதுதான் வருகிறேன். வேலூரைச் சுற்றி மலைதான், ஆனால் ஊர் ஓடும் சாலை பெரும்பாலும் சமதளம். பாலத்து ஏற்றம் சின்னது. காட்பாடி ரயில்வே மேம்பாலம் கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும். இதற்குக் கியர் தேவையில்லை. என் இப்போதைய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடல் ஒரு முழுச் சுற்று வந்தால் வண்டி ஏறக்குறைய 5 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று, அவசரமில்லாத மிதி, மணிக்கு 18 கிலோமீட்டர். ஊருக்குள் அதற்கு மேல் யாரும் விடப்போவதில்லை. மிதிக்கக் கனமாக இருந்தால் பின்னால் இருக்கும் பல்சக்கரமான ஃப்ரீவீலை 20 பல்லாக மாற்றச் சொன்னால் போதும், அரை மணி நேர வேலை, சின்னச் செலவு. ஏற்றத்தில் கால் லேசாகும், வேகம் கொஞ்சம் குறையும். தினமும் நீண்ட ஏற்றம் ஏற வேண்டியவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி போக ஆசைப்படுகிறவர்களுக்கும் கியர் அவசியம். அப்போதும் பின்னால் ஏழு பல்சக்கரம் இருந்தால் நிறைவு, முன்னால் மூன்று வேண்டாம்.

பிரேக் விஷயத்தில் பழசுதான் நல்லது என்று சொல்லமாட்டேன். பளபளக்கும் இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை நனைந்தால் வழுக்கும், பிடித்தும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். ஐப்பசி மழையில் எங்கள் சாலையில் அது ஆபத்து. அலுமினிய ரிம், அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் வி-பிரேக் என்று இருந்தால் மழையிலும் ஓரளவு பிடிக்கும், கட்டை தேய்ந்தால் எந்தக் கடையிலும் மாற்றலாம். டிஸ்க் மழையில் இன்னும் நன்றாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. சரிசெய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்.

மட்கார்டு முழு நீளம் வேண்டும். 2021 நவம்பரில், மணலாகவே பார்த்துப் பழகிய பாலாறு இரு கரையும் தொட்டு ஓடிய நாட்களில், பாலத்தில் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தார்கள். நானும் நின்றேன், காலெல்லாம் சேறு படாமல். செயின் கவர் முழுசாக மூடியிருக்க வேண்டும். பின்சக்கரத்துக்குத் துணி சிக்காமல் தடுக்கும் சாரி கார்டு வேண்டும். இந்த இரண்டும் இல்லாத வண்டியில் துப்பட்டா, புடவை, வேட்டி, பேன்ட்டின் கால் எதுவுமே பத்திரமில்லை. கேரியர் கட்டாயம். பாரத்தை முதுகில் சுமக்காதே, வண்டி சுமக்கட்டும்.

சீட்டு உயரம் வைக்க எளிய வழி ஒன்று: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். நம்மில் பெரும்பாலோர் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படவேண்டும் என்று சீட்டை இறக்கிவைத்து, முட்டி வலிக்கிறது என்கிறோம். தாழ்ந்த சட்டத்தின் இன்னொரு லாபம் இதுதான். சீட்டு சரியான உயரத்தில் இருந்தாலும், நிற்கும்போது சீட்டைவிட்டு முன்னால் நழுவி நின்றுகொள்ளலாம்.

பேட்டரி சைக்கிள் பற்றிக் கேட்டிருந்தாய். 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருந்தால் பதிவு தேவையில்லை. 5 கிலோமீட்டருக்கு அது வேண்டாம் என்பது என் எண்ணம், சார்ஜ் தீர்ந்தால் அந்த எடையை மிதிக்க வேண்டும். காட்பாடிப் பக்கம் படிப்பு முடித்துப் போகும் மாணவர்கள் விற்றுவிட்டுப் போகும் பழைய சைக்கிள்களும் உண்டு. பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார், கடகடவென்றால் உள்ளே உருளும் பால்ரஸ் குண்டுகள் போயிருக்கின்றன. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பிரேக் கட்டைகளுக்கு நடுவில் ரிம் நெளிகிறதா என்று பார். ஹேண்டிலுக்குக் கீழே சட்டம் சேரும் இடத்தில் பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதே. புதுசு என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் பார்த்துக்கொள்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு அவளோடு கடைக்குப் போனேன். மூன்று வண்டிகளை இறக்கச் சொன்னாள். மூன்றிலும் கடை வாசலுக்கும் தெருமுனைக்கும் போய் வந்தாள். முதலாவது பார்க்க நன்றாக இருந்தது, அவளே வேண்டாம் என்றாள். மூன்றாவது கரும்பச்சை, தாழ்ந்த சட்டம், 37-590 டயர், அலுமினிய ரிம். கடைக்காரர் கையில் பணக் கவரைக் கொடுத்துவிட்டு, நேரே பாலம் தாண்டி விருதம்பட்டுக்குத் தள்ளிக்கொண்டும் ஓட்டிக்கொண்டும் கொண்டுவந்தோம். புது வண்டியின் நட்டுகளைக் கடையில் ஒப்புக்குத்தான் இறுக்குவார்கள்.

பாய் வண்டியைத் தலைகீழாக நிறுத்தினார். முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒரு சாக்பீஸை ரிம்முக்கு அருகில் அசையாமல் பிடித்தார். ஓர் இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்த இடத்துக் கம்பிகளைக் கால் திருகு, அரைத் திருகு என்று இறுக்கி, மறுபடி சுற்றி, கோடு விழாமல் போகும்வரை செய்தார். பெடல், ஹேண்டில், சீட்டு போல்ட்டு எல்லாம் ஒரு சுற்று. குதிகாலை வைக்கச் சொல்லி சீட்டை முக்கால் இஞ்ச் ஏற்றினார்.

"ஓட்டிக்கினு போய்ட்டு வாம்மா."

அவள் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிச் செருகிக்கொண்டு கிளம்பினாள். தெரு திரும்பும் இடத்தில் ஷேர் ஆட்டோ ஒன்று ஆளை இறக்க நடுரோட்டிலேயே நின்றது. நான் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தேன். அதற்குள் அவள் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றிருந்தாள், ஒரு கை மணியின் மேல்.